விறைப்புப் பிரச்சினைக்கு ஆன்லைன் தெரபி, ஒரு வருஷத்துக்கு மேல எடுத்த அனுபவம்

நம்ம ஊர்ல இதுக்குன்னு போனா லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருக்க பரம்பரை வைத்தியர், இல்லன்னா தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துருவாங்களோன்னு பயந்துகிட்டே கிளினிக்ல நிக்கணும், அதனால வீடியோ கால்னதுமே எனக்குப் பாதி பாரம் இறங்குச்சு. வீட்டுல அம்மா அப்பா எல்லாம் இருக்காங்க, ஆபீஸ் பார்க்கிங்ல கார் கண்ணாடிய ஏத்திவிட்டுதான் பேசுவேன்.

டாக்டர் முதல்ல கேட்டது, காலைல முழிக்கும்போது விறைப்பு இருக்கா, சுகர் பிரஷர் இருக்கா, என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னுதான். காலைல நார்மலா இருந்தா பெரும்பாலும் பதட்டம்தான் காரணமா இருக்கும்னாரு, ஆனாலும் எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கொலஸ்ட்ரால், டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எடுக்கச் சொன்னாரு, ஏன்னா சில பேருக்கு இது இதயப் பிரச்சினையோட முன்னறிகுறியாவும் இருக்குமாம். எதையும் விசாரிக்காம நேரா மாத்திரை பாக்ஸ் அனுப்புற ஆப் பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் எடுக்குறவங்க சில்டெனாஃபில் (வயாக்ரால இருக்குற மருந்து) போட்டா பிரஷர் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிரும்.

எனக்கு மாத்திரைய விட கைகொடுத்தது தெரபிஸ்ட் குடுத்த ஹோம்வொர்க்தான். சென்சேட் ஃபோகஸ்னு பேரு, மாஸ்டர்ஸ் - ஜான்சன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவந்தது, 1970ல அவங்க புத்தகத்துலயே வந்துச்சு. கொஞ்ச வாரம் உறவே வச்சுக்கக் கூடாது, மாத்தி மாத்தி தொடுறது மட்டும், அதுவும் ஆரம்பத்துல கை, முதுகு, தலைன்னு மட்டும்தான். இன்னிக்கு முடியுமா முடியாதாங்கிற பயம் இல்லாததால உடம்பு தானா இளகுச்சு. இதுக்கு வைஃபும் வீடியோ கால்ல கூட உக்காரணும், அப்பதான் அவ "என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு நினைச்சேன்"னு அழுதா, அத்தனை நாள்ல என்கிட்ட அத ஒரு வார்த்தை சொன்னதில்ல. முடிஞ்சா முதல் கால்லயே ஜோடியா உக்காருங்க.

குறையும் இருக்கு. பாதியில தெரபிஸ்ட்டை மாத்திட்டாங்க, எல்லாத்தையும் மறுபடி முதல்லருந்து புதுசா ஒருத்தர்கிட்ட சொல்றது ரொம்பக் கொடுமை, அந்த வாரமே விட்டுரலாம்னு தோணுச்சு. சாட்ல வேற எப்பப் பாத்தாலும் பேக்கேஜ் எடுங்க பேக்கேஜ் எடுங்கன்னு தொல்லை. வலி, வளைவு மாதிரி இருந்தா வீடியோல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, யூராலஜிஸ்ட்ட நேர்லதான் காட்டணும்.

சேர்றதுக்கு முன்னாடி டாக்டரோட பதிவு எண்ணக் கேளுங்க, 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல் படி பிரிஸ்கிரிப்ஷன்லயே அது இருக்கணும். காசு கட்ட முடியல, மனசு ரொம்ப உடைஞ்சு போயிருக்குன்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416க்கு கூப்பிடுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.