டாக்டர் போய்ப் படிப்பதா, மையத்தோடு மையம் சேர்வதா?

சித்தப்பா எங்கள் கடலோர ஊரான தொண்டியிலிருந்து வாரம் 3 நாள் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுகிறார். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதில் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) 4 மணி நேரம். துணைக்குப் போய் உட்காரும்போது எனக்கு ஒரே யோசனைதான்: இந்த மாதிரி ஊருக்கு எந்த வெளிநாட்டு உதவி பொருந்தும்?

சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று ஃபெலோஷிப். இளம் டாக்டர் ஒருவர் வேறொரு சிறுநீரக மையத்தில் தங்கிப் பயின்று திரும்புவார். பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) போல கைப்பழக்கம் வேண்டிய வேலைக்கு இது நல்லது. திரும்பியவர் சென்னையிலேயே உட்கார்ந்துவிட்டால் தொண்டிக்கு என்ன லாபம்?

இன்னொன்று சகோதர மையத் திட்டம். அனுபவமுள்ள மையமும் வளரும் மையமும் சில ஆண்டுகள் ஜோடி சேரும். சி என்ற தொடக்க நிலையில் ஆரம்பித்து பி, ஏ என்று ஏறலாம். நர்ஸ், டெக்னீசியனும் கற்கலாம்.

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் தண்ணீர். ஒரு தடவை டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். எங்கள் கரையிலோ பல இடங்களில் தோண்டினால் உப்புத்தண்ணீர். நீரிலுள்ள உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரமின் (கிருமி கொல்லும் குளோரின் சேர்மம்) தப்பி வந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். நம் தொட்டியை, நம் வடிகட்டியைக் கண்ணால் பார்த்தவர்தான் இதற்கு வழி சொல்ல முடியும்.

சரி, இதிலும் சிக்கல் உண்டு. ஆர்வமுள்ள ஒரு டாக்டர் மாற்றலாகிப் போனால் ஜோடி கலைந்துவிடும். ஆனால் ஃபெலோஷிப்பும் இதற்கு உதவும்: போய் வந்தவர் ஒருவர் இருந்தால், அவர் தாம் படித்த மையத்தையே ஜோடியாகக் கேட்கலாம்.