வீட்டில் மூத்தவருக்கு வீட்டிலேயே பழைய போன்

எங்கள் வீட்டில் கைத்தொலைபேசி இளையவரிடம் தொடங்கி மூத்தவரிடம் போய் முடியும். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று கனடாவிலிருந்து வரும் தம்பி புதியது ஒன்று கொண்டுவருவான். அது மகனின் கைக்குப் போகும். மகன் வைத்திருந்தது எனக்கு, என்னுடையது அப்பாவுக்கு. அப்பாவிடம் இருந்தது, கண்ணாடியில் கீறலோடும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும் பற்றரியோடும், அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்தில் நான் அறிந்த வீடுகள் பலவற்றில் இதுதான் ஒழுங்கு. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அடிச்சட்டிச் சோறு கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குப் போய்ச் சேர்வது போல இதுவும் தானாக நடந்துவிடுகிறது.

பிறகு, அம்மாவுக்குப் போன் பிடிபடவில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம்.

2023 ஆவணியில் இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டோம். வந்த புதிய போன் நேரே அம்மாவிடம் போனது. அவருடைய பழையதை மகன் எடுத்தான். விரும்பி எடுக்கவில்லை, நான்தான் எடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று தலைமுறையும் எதை எப்படிப் பாவிக்கிறது, எது உண்மையில் உதவியது, எது மேசை இழுப்பறைக்குப் போனது என்பதை இங்கே எழுதுகிறேன். கமரா ஒப்பீடு தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பழைய போனில் அம்மா ஓர் இடத்தைத் தொட்டால் அது அசையாது. இரண்டாம் தரம் தொட்டாலும் அசையாது. மூன்றாம் தரம் தொடும்போது மூன்றும் சேர்ந்து வேலை செய்து அவரை எங்கேயாவது கொண்டுபோய் விடும். "அம்மம்மா, ஒருதரம் தொட்டால் போதும்" என்று பேரன் பக்கத்தில் நின்று பாடம் எடுப்பான். புதிய போனில் உண்மையாகவே ஒருதரம் தொட்டால் போதுமாக இருந்தது. முதல் வாரத்திலேயே அவர் தானாக அழைப்பு எடுக்கவும், வந்த படத்தைப் பார்த்துவிட்டு முகப்புக்குத் திரும்பவும் பழகிக்கொண்டார். படிப்பித்தவர் மாறவில்லை, படித்தவரும் மாறவில்லை. போன் மட்டும்தான் மாறியது.

ஆனாலும் விரல் ஒரு பிரச்சினையாகத்தான் இருந்தது. தொடுதிரை விரலின் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. தோலின் ஈரப்பதனும் மின்கடத்தும் தன்மையும்தான் அதற்குத் தேவை. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும், திரை அதைச் சரியாக உணராது. அம்மா இன்னும் பலமாக அழுத்துவார், அதனால் பயனில்லை. கைரேகைப் பூட்டும் அப்படித்தான். தேங்காய் துருவியும் சட்டிபானை தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரலை எந்தப் போனும் ஒழுங்காக அடையாளம் காணவில்லை. ஒன்பது புள்ளிகளில் கோடு இழுக்கும் பூட்டுக்கு மாறினோம். எழுத்து ஒன்றை வரையச் சொன்னேன், ஒரே நாளில் பழகிவிட்டார். என்ன எழுத்து என்று சொல்லமாட்டேன்.

விரலைத் திரையில் வைத்து யோசிப்பது அவருடைய வழக்கம். போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு முகப்பில் இருக்கும் செயலிகளை இடம் மாற்றிவிடும், சிலவேளை அகற்றியும் விடும். "என்ரை வைபர் எங்கே?" என்று ஒவ்வொரு நாளும் ஒரு தேடல் நடக்கும். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கியதும் அந்தத் தொல்லை நின்றது. பெற்றோருக்குப் போன் வாங்கிக் கொடுக்கிறவர்கள் எழுத்தைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். இதையும் சேர்த்துச் செய்யுங்கள். எனக்குக் கேட்டால் எழுத்தின் அளவைவிட இது முக்கியம்.

அம்மாவுக்கு அதில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் கமராவையோ பாட்டையோ சொல்லமாட்டார், முகப்பில் இருக்கும் இரண்டு கடிகாரங்களைத்தான் சொல்வார். ஒன்று எங்கள் நேரம், மற்றது டொரன்டோ நேரம். கோடையில் டொரன்டோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளியதும் அது பத்தரை ஆகிவிடும். முன்பெல்லாம் நவம்பர் வந்தால், தம்பி வேலைக்குப் போகுமுன் எடுக்கும் அழைப்பு ஒரு மணித்தியாலம் பிந்தும். அதுவரை அம்மா என்ன நடந்ததோ என்று முற்றத்துக்கும் விறாந்தைக்குமாக நடப்பார். இப்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவன் இன்னும் எழும்பியிருக்கமாட்டான்" என்று அவரே எங்களுக்குச் சொல்கிறார்.

குரல் செய்திதான் அவருடைய எழுத்து. பேசினால் தட்டச்சாகும் வசதியைக் கொஞ்சக் காலம் முயன்று பார்த்தோம். இலங்கைத் தமிழ் என்று தெரிவு செய்தும்கூட, அவர் சொன்ன பாதியை அது தன் விருப்பத்துக்கு எழுதியது. விட்டுவிட்டோம். நாங்கள் பாவிக்கும் செயலியில் குரல் செய்தியை ஒன்றரை மடங்காகவும் இரண்டு மடங்காகவும் வேகப்படுத்திக் கேட்கலாம். மெதுவாக்கிக் கேட்க வழி இல்லை. ஸ்காபரோவில் பிறந்த பேத்தி அரைத் தமிழில் கடகடவென்று பேசி அனுப்புவதை அம்மா மூன்று நான்கு தரம் திருப்பிப் போட்டுக் கேட்கிறார். அவசரக்காரருக்கு ஒரு பொத்தான் வைத்தவர்களுக்கு, காது மந்தமானவரின் நினைவு வரவில்லை.

அப்பாவின் கதை வேறு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தவர். 1990இல் போர் மீண்டும் தொடங்கியதோடு தொழிற்சாலை நின்றது, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, மிதியைக் கையால் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. இரவில் பிபிசி தமிழோசைக்காக அயலட்டையே எங்கள் விறாந்தையில் இருக்கும். இணைப்புக் கொடுத்தவர் அப்பா. மிதியைச் சுற்றியவர் அம்மா. வேகம் குறைந்தால் செய்தி மங்கிப்போகும். கூடினால் வானொலிக்கு ஆபத்து. அரை மணித்தியாலம் அந்த வேகத்தை ஒரே சீராகப் பிடித்து வைத்திருந்த மனுசியைத்தான், தொடுதிரை பிடிபடாதவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்துக் கண்ணோடுதான் அப்பா எந்தச் சாதனத்தையும் பார்க்கிறார். பெட்டியைத் திறந்ததும் மகன் போனை எடுப்பான், அப்பா சார்ஜரை எடுப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலுள்ள பொடி எழுத்தை வாசிப்பார். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் தலையாட்டுவார். இங்கே 230, அங்கே 120. தம்பி அனுப்பிய சூடேற்றும் முதுகுத் திண்டில் 120 மட்டும்தான் போட்டிருந்தது. அதை எவரும் சுவரில் செருகுமுன் எடுத்து மேலே வைத்துவிட்டார். இப்படிப்பட்ட பொருட்கள் எரிந்துபோன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது, வீட்டில் இணையத்தை உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். ரவுட்டரின் அடப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றைத் தேடிப்பிடித்து, நேர் எதிர் முனைகளைச் சரிபார்த்து இணைத்துவிட்டார். கைத்தொலைபேசிக் கோபுரங்களே பற்றரி தீர்ந்து படுத்த இரவுகளில் எங்கள் வீட்டில் இணைப்பு இருந்தது. இரவும் பகலும் போனோடு இருக்கும் மகனுக்கு, ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். எந்தத் தலைமுறைக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்ற கேள்விக்கு நான் இப்போது அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

அதே ஆண்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தது. வரிசை நகர்ந்து தன் முறை வரும்போது போன் அணைந்துவிடும் என்று கணக்குப் போட்ட அப்பா, குறியீட்டை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மோட்டார் சைக்கிள் திறப்போடு கோர்த்துவிட்டார். அப்போது அவரிடம் இருந்தது என்னுடைய பழைய போன் என்பதையும் சொல்லவேண்டும். 2023 செப்டெம்பரில் அந்த முறை நின்ற பிறகும் அட்டை திறப்போடுதான் தொங்குகிறது.

இப்போது அவருடைய பொழுது பத்து அங்குல டேப்லெட்டில் போகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. போன் திரையில் அவற்றை வாசிக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி ஓடிவிடும். டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் முழுதும் கண்ணுக்குள் வருகிறது. வீட்டுக்கு வந்த சாதனங்களில், கொடுத்த காசுக்கு மேலாகப் பயன் தந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கைக்கடிகாரம் அதற்கு நேர்மாறு. நடந்த அடிகளை எண்ணுவது கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு நாளும் மின்னேற்றவேண்டிய கடிகாரத்தைக் கடிகாரம் என்று சொல்லலாமா என்று கேட்டுவிட்டு அப்பா அதைக் கழற்றினார். இப்போது அது மகனின் கையில்.

மகனைப் பற்றியும் சொல்லவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் ரியூசன் முழுவதும் சூமில் நடந்தபோது, அலைவரிசை தேடி மாமரத்தடியில் கதிரை போட்டுப் படித்த தலைமுறை அது. பழைய போனை அவனிடம் கொடுத்தபோது உலகமே இடிந்ததுபோல் இருந்தான். நகரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் பற்றரியை மாற்றி, தேவையில்லாத செயலிகளை எல்லாம் அகற்றியதும் போன் ஓடத் தொடங்கியது. விளையாட்டுத்தான் இல்லை. உயர்தரப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அது நல்லதாகவே முடிந்தது, அவன் இதை ஒப்புக்கொள்ளமாட்டான். அவனுக்கு இருந்த விரைவும் பொறுமையும் கொண்டு அந்தப் பழைய போனைச் சமாளிக்க முடிந்தது. அம்மாவால் முடிந்திருக்காது.

இருவருக்கும் ஒத்துவராத ஒரு விடயம் உண்டு. முன்கூட்டிச் செய்தி போடாமல் அழைப்பது மரியாதைக் குறைவு என்பது மகனின் எண்ணம், அழைக்காமல் செய்தி போடுவதுதான் மரியாதைக் குறைவு என்பது அம்மாவின் எண்ணம். அம்மா எடுத்தால் அவன் உடனே எடுக்கவேண்டும், மற்றவர்களிடம் தன் விருப்பம் போல இருக்கலாம் என்று ஒரு சமரசம் செய்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நடக்கிறது.

மற்றச் சண்டை பற்றரியைப் பற்றியது. இலித்தியம் பற்றரியை எப்போதும் முழுதாக ஏற்றி வெக்கையில் வைத்திருந்தால் ஆயுள் குறையும், எண்பது வீதத்தில் நிறுத்தும் வசதியைப் போடுவோம் என்பான் மகன். அவன் சொல்வது சரி. ஆனால் கரண்ட் இருக்கும்போதே ஏற்றி வைத்துவிடவேண்டும் என்பது அம்மாவுக்கு 1990இலிருந்து வந்த பழக்கம், 2022 அதை இன்னும் உறுதியாக்கிவிட்டது. எண்பதைக் கண்டால் அவருக்கு நித்திரை வராது. நான் அம்மாவின் பக்கம். பற்றரியைக் காசு கொடுத்து மாற்றலாம்.

இப்போது அந்தப் போனும் மெல்லச் சுணங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்ததை வாங்கும்போது எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன், ஏனென்றால் அம்மாவின் ஓய்வூதியம் வருகிற வங்கிச் செயலி பழைய பதிப்புகளில் திறக்காமல் போகும். அப்பாவின் நிபந்தனை வேறு: பின்மூடியைக் கழற்றிப் பற்றரியைத் தானே மாற்ற முடியவேண்டும். கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பெப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது என்று டேப்லெட்டில் வாசித்திருக்கிறார். நீடித்து உழைக்கும் பற்றரி உள்ள போன்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று மகன் எடுத்துக் காட்டியும் அவர் கேட்கவில்லை. பாரிஸில் இருக்கும் சின்னம்மாவின் மகனிடம், வரும்போது கழற்றக்கூடியதாகப் பார்த்து ஒன்று வாங்கிவா என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.