செல்லும் நோட்டை வாங்காத கடை

போன வருஷம் ஆனி மாதம், மெல்பர்னில் பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தை அவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாகக் காரில் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே இருந்த இரண்டு வாரத்தில் பஸ், பேங்க், மருந்துக்கடை, ஜவுளிக்கடை, கோயில் என்று எல்லா இடத்திலும் புழங்கினேன். நல்ல மாற்றங்கள் நிறைய. ஒரு விஷயம் மட்டும் திரும்பி வந்து இத்தனை மாதம் ஆகியும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது நாங்குநேரி சுங்கச்சாவடி. வண்டி நிற்கவே இல்லை, மேலே இருந்த கருவி ஃபாஸ்டேக்கைப் படித்தது, கட்டை தூக்கியது, போய்விட்டோம். "ஃபாஸ்டேக் இல்லாம ரூவாயக் குடுத்தா ரெட்டிப்பு வாங்குவாங்கக்கா" என்றார் டிரைவர் தம்பி. 2021 பிப்ரவரியிலிருந்து அப்படித்தான். நாங்கள் திரும்பியபிறகு, 2025 நவம்பரில் அதிலும் ஒரு பிரிவினை வந்தது. ஃபாஸ்டேக் இல்லாதவர் போனில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் பழையபடி இரண்டு மடங்கு என்று அப்போது வைத்தார்கள். நெடுஞ்சாலையில் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. வரிசை குறைகிறது, கார் வைத்திருப்பவருக்கு ஃபாஸ்டேக் வாங்குவது பெரிய காரியம் இல்லை.

ஊருக்குள் நான் பார்த்தது வேறு. டீக்கடை, பூக்கட்டுகிற அக்கா, நுங்கு வெட்டித் தருகிற அண்ணாச்சி, எல்லோரிடமும் கியூஆர் அட்டை தொங்குகிறது. "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று டப்பா கத்துகிறது. 2016-ல் யுபிஐ வந்தபோது இது சிட்டிக்காரர்களின் சங்கதி என்றுதான் நினைத்தேன். 2020-லிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதால் சின்னக் கடைகள் தைரியமாக வைத்துக்கொண்டன. நுங்குக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "சில்லறைச் சண்டை ஒழிஞ்சுது தாயி. யாரு எதக் குடுத்தாலும் வாங்கிக்கிடுவேன்" என்றார். போனா, நோட்டா, எதை நீட்டினாலும் அவருக்குச் சரி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

என் கதைக்கு வருகிறேன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும். ஆஸ்திரேலியா உட்படப் பத்து நாடுகளின் போன் நம்பரை வைத்தே என்ஆர்ஐ கணக்கில் யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023-லேயே வழி செய்துவிட்டார்கள். ஆனால் பேங்க் தன் பக்கம் அதைத் திறந்துவிட வேண்டும். என் கணக்கு இருக்கிற கிளைக்கு மூன்று தடவை நடந்தேன். பழைய நம்பரை மாற்ற ஒரு படிவம், பாஸ்போர்ட் நகல், கையெழுத்து பொருந்தவில்லை என்று இன்னொரு படிவம். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக, சிரித்த முகத்தோடு முடித்துக் கொடுத்தாள். தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு 5000 ரூபாய்தான் வரம்பு என்பதையும் அவளே சொன்னாள். ஆக, வந்து நான்கு நாள் கையில் வெறும் ரொக்கத்தோடுதான் இருந்தேன். டவுனிலோ மார்க்கெட்டிலோ அதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை. ஒரு மினி பஸ்ஸில் பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் வாங்க மாட்டேன் என்றார்கள். 14 வடிவ நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியும் நம் ஊரில் அந்த வதந்தி இன்னும் சாகவில்லை.

இனி, மனசை அரிக்கிற அந்த ஐஸ்கிரீம் கடை.

முக்கூடலிலிருந்து பெரியம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அம்மாவின் அக்கா. 71 வயது. பெரியப்பா போனபிறகு பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். கண் மங்கிப்போனதால் இப்போது சுற்றுவதில்லை. மடியில் தட்டை வைத்து, இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி முடிக்கிற அந்த விரல்கள் இன்னும் சும்மா இருக்கும்போதுகூட அப்படியே அசையும். அப்போது மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் மாதாமாதம் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. பேங்குக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்து நோட்டாக எடுத்துக்கொள்வாள். அந்த நோட்டுகள் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். கண்ணாடி மூக்கிலேயே இருப்பதால் கூடு பணத்துக்கு.

தேரோட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போனோம். மேலே பிள்ளைகள் குதித்து விளையாடுகிற இடம், கீழே ஐஸ்கிரீம் கடை. "பேத்திக்கு நான்தான் வாங்கித் தருவேன், நீ கம்முனு இரு" என்று பெரியம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். மகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் பார்த்து மாம்பழ ஐஸ்கிரீமைக் காட்டினாள். பில் 180 ரூபாய். பெரியம்மா கூட்டைத் திறந்து, நான்காக மடித்த 200 ரூபாய் நோட்டை எடுத்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டு நீட்டினாள்.

"ஆச்சி, இங்க கேஷ் வாங்குறதில்ல. ஜிபே இல்லாட்டி கார்டு."

இருபது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மரியாதையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் போர்டு இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும். பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

"ஏன் தாயி, இந்த நோட்டு செல்லாதா?"

"செல்லும் ஆச்சி. இங்கதான் வாங்குறதில்ல."

"செல்லும்னா வாங்க வேண்டியதுதான? இதுல தமிழ்லயும் போட்டிருக்குல்லா." நோட்டைத் திருப்பி, பின்பக்கம் அடுக்கடுக்காக இருக்கிற மொழிகளில் தமிழ் வரியைக் கட்டைவிரலால் காட்டினாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பின்னால் நின்ற பையன் ஒருவன், "ஆச்சி, ரூவாய எங்கிட்ட தாங்க, நான் ஜிபே போட்டுவிடுதேன்" என்றான். நல்ல பிள்ளை. பெரியம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "நீ வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா அய்யா" என்று சொல்லிவிட்டாள். என் யுபிஐ அன்றைக்குக் காலையில்தான் உயிர் பெற்றிருந்தது. வேறு வழியில்லாமல் நானே கட்டினேன். டப்பா 180 ரூபாய் பெறப்பட்டது என்றது. பெரியம்மா அந்த நோட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கூட்டுக்குள் வைத்து, அதைச் சொடுக்கி மூடினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆட்டோவில் வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. முருகன்குறிச்சி தாண்டியபிறகு கேட்டாள். "மறுபடியும் செல்லாதுன்னுட்டாங்களாட்டி? எங்கிட்ட யாரும் சொல்லலியே."

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, பீடிக் கூலியில் சேர்த்துவைத்திருந்த எட்டு 500 ரூபாய் நோட்டு அவளுடைய அரிசிப் பானையில் இருந்தது. அந்த 4000 ரூபாய்க்காக இரண்டு நாள் பேங்க் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை டிவி பார்த்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்ததே. 'செல்லாது' என்ற சொல்லுக்கு அவளைப் போன்றவர்களின் மனதில் இருக்கிற பொருளே வேறு. ஒரு கடை தன் வசதிக்கு வைத்திருக்கிற விதியை, அரசாங்கம் மறுபடியும் தன் பணத்தை எடுத்துக்கொண்டது என்று அவள் புரிந்துகொண்டதில் ஒரு தப்பும் இல்லை. செல்லும், பத்திரமாக இருக்கிறது என்று நான் எவ்வளவு சொன்னாலும் அவள் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் காலையில் தெருமுனைப் பெட்டிக்கடையில் அதே 200 ரூபாயைக் கொடுத்து, வெற்றிலையும் தீப்பெட்டியும் வாங்கி, மீதியை எண்ணிப் பார்த்தபிறகுதான் முகம் தெளிந்தது.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். மேலாளர் தம்பி உட்காரவைத்துப் பேசினார். கல்லாவில் கணக்கு குறைந்தால் வேலை பார்க்கிற பிள்ளைகள் சம்பளத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி பணத்தை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை, எல்லோரும் 500 ரூபாயாக நீட்டினால் சில்லறைக்கு எங்கே போவது என்றார். பில் போடுகிற மெஷினிலேயே ரொக்கம் என்ற பொத்தான் கிடையாதாம், மேலிடத்து உத்தரவு. அவர் சொன்னதில் பொய் இல்லை. சில்லறைத் தட்டுப்பாடு உண்மைதான். ஏடிஎம்களில் 75 சதவீதமாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2025 செப்டம்பர் வரை கெடு வைத்திருந்தது. ஆனாலும் நான் அவரிடம் சொன்னேன். "தம்பி, உங்க கஷ்டத்த எல்லாம் அந்த எழுபது வயசு மனுஷி தலையில இறக்கி வச்சிட்டீங்களே." குறை எழுதுகிற நோட்டு ஒன்று கொடுத்தார். தமிழில் அரைப் பக்கம் எழுதினேன். ஒரே ஒரு கவுண்டரில் ரொக்கம் வாங்குங்கள், அது முடியும்வரை போர்டையாவது தமிழில் வாசலில் வையுங்கள் என்று.

ரிசர்வ் வங்கிச் சட்டம் பிரிவு 26, ரூபாய் நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் செல்லும் என்கிறது. வாங்க மறுக்கிற கடைக்கு இன்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

நான் இருக்கிற ஊரிலும் இதே வழக்கம்தான் இருந்தது. மெல்பர்னில் விளையாட்டு மைதானத்திலும் காப்பிக் கடையிலும் கார்டு மட்டும் என்ற போர்டைப் பார்த்துப் பழகிவிட்டோம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே சட்டப்படி அது தப்பில்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில் நூறு தடவை பணம் கொடுத்தால் 69 தடவை ரொக்கம். 2022-ல் அது 13. அப்படிப்பட்ட நாடே இப்போது யோசிக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் மளிகைச் சாமான் விற்கிற பெரிய கடைகளும் பெட்ரோல் பங்குகளும் காலை 7 முதல் இரவு 9 வரை, நேரில் வாங்குகிறவரிடம் 500 டாலர் வரை ரொக்கம் வாங்கித்தான் ஆக வேண்டும். சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. நியூயார்க் நகரம் 2020-லேயே ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நார்வே 2024 அக்டோபரில், ரொக்கமாகக் கட்டுகிற வாடிக்கையாளரின் உரிமையை வலுப்படுத்தியது. நமக்கு முன்னால் ஓடியவர்கள் திரும்பி வருகிற வழியில், நம் ஊர்க் கடைகள் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கின்றன.

வயசானவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. தேரோட்டத்தன்று நாலு ரத வீதியிலும் தலையாகத் தெரிந்தது கூட்டம். வடம் பிடிக்கிறவர்களின் சத்தம், மோர்ப் பந்தல், விசிறி. மகளுக்குப் பலூன் வாங்க ஸ்கேன் பண்ணினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "நெட்டு சுத்துதுக்கா, ரூவா இருந்தா குடுங்க" என்றான் பலூன்காரன். அந்தக் கூட்டத்தில் எல்லார் போனும் அதே கதிதான். பெரியம்மா கூட்டைத் திறந்தாள். 30 ரூபாய். மகளுக்குப் பலூன், பெரியம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க ஒரு நிமிர்வு.

அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பக்கம் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான் மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் போன் அடித்தும் யாரும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கியது பெரியம்மாவின் கண்ணாடிக் கூட்டுக் காசில்தான். என் தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து அவள்தான் கொடுத்தாள், அவன் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லை. பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களுக்கு 6000 ரூபாய் நிவாரணத்தை அரசாங்கம் ரேஷன் கடை வழியாக ரொக்கமாகவே கையில் கொடுத்தது. அரசாங்கத்துக்கே அன்று நோட்டுதான் கைகொடுத்தது.

ஊருக்குப் போகிறவர்கள் 100, 200 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், யுபிஐயை வந்த முதல் நாளே பேங்கில் கேளுங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு புதுக் கடைக்குப் போகிறீர்கள் என்றால், அவர்கள் நோட்டை எடுப்பதற்கு முன்னால், ரொக்கம் வாங்குவார்களா என்று நீங்கள் முன்னால் போய்க் கேட்டுவிடுங்கள். வாங்க மாட்டார்கள் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், ஏன் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியம்மாவிடம் பேசுகிறேன். மகளின் படிப்பு, மெல்பர்ன் குளிர், முக்கூடலில் யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்பாள், "அந்தக் கடையில இப்பம் ரூவா வாங்குதாங்களாட்டி?" போன வாரம் தம்பியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். போர்டு அப்படியேதான் இருக்கிறதாம். கீழே தமிழிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்.