காதுக்கருவியும் கைப்பேசியும்: வாங்கிய பிறகு தெரியவருபவை

காதுக்கருவி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், வெளியே தெரியுமா என்று கேட்பார்கள். சில மாதம் போட்டுப் பழகியபின் வரும் கேள்விகள் வேறு. போன் பேசினால் எதிர்முனைக்கு என் குரல் ஏன் சரியாகப் போகவில்லை? ரயிலில் பாட்டு ஏன் விட்டுவிட்டு வருகிறது? வாட்ஸ்அப் மணி அடித்ததும் பக்கத்தில் இருப்பவர் பேச்சு ஏன் தேய்கிறது? இவற்றில் பெரும்பாலானவை கருவியின் பழுதே அல்ல. கருவி எந்த வழியில் கைப்பேசியுடன் இணைகிறது என்பதைப் பொறுத்தவை. அதனால் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கையிலிருக்கும் போனைப் பாருங்கள்.

இப்போது நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஐபோனுக்கென ஆப்பிள் உருவாக்கிய வழி முதலாவது. அதில் இயங்கும் கருவிகள் 2014இல் கடைக்கு வந்தன. ஆண்ட்ராய்டுக்காக கூகல் 2018இல் அறிவித்த ‘ஆஷா’ இரண்டாவது. ஆண்ட்ராய்டு 10 முதல் உண்டு, ஆனால் போன் தயாரிப்பாளரும் அதைச் சேர்த்திருக்க வேண்டும். மூன்றாவது, சாதாரண ஹெட்செட்டுகள் பயன்படுத்தும் பழைய புளூடூத். காதுக்கருவி நிறுவனமான ஃபோனாக்கின் மார்வெல் வரிசை இரண்டு காதிலும் அதைக் கொண்டுவந்தது. எந்த போனோடும் சேரும், பேட்டரியை மட்டும் கூடுதலாகத் தின்னும். நான்காவது, 2022இல் விதிமுறைகள் முழுமையடைந்த ‘எல்இ ஆடியோ’ என்ற புதிய புளூடூத் ஒலி முறை. இனி வாங்குபவர்கள் இதையும் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் போனும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது போன் அழைப்பில்தான். ஆப்பிளின் தொடக்ககால வழியிலும் ஆஷாவிலும் எதிர்முனைக் குரல் நேராக இரண்டு காதுக்கும் வரும். உங்கள் குரலை எடுப்பதோ போனின் மைக். போனைப் பையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிர்முனைக்கு வெறும் முணுமுணுப்புதான் கேட்கும். போனை வாய்க்கு அருகே பிடித்தாக வேண்டும். ஐபோன் 11, அதற்குப் பிந்தைய போன்களில், சில புதிய கருவிகளுக்கு மட்டும், கருவியின் மைக்கே குரலை எடுக்கும் வசதி வந்திருக்கிறது. பழைய புளூடூத் கருவிகளில் இது முதலிலிருந்தே உண்டு. ஆனால் அந்த மைக் காதுக்குப் பின்னால் இருக்கிறது, வாய்க்குப் பக்கத்தில் இல்லை. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து பேசினால் பக்கத்து மேசை அரட்டையும் தட்டுச் சத்தமும் சேர்ந்தே போகும். அங்கே போனைக் கையில் எடுத்துப் பேசுவதே மேல்.

இதனால்தான் சோதனைக் காலத்தில் கடையின் அமைதியான அறையில் பேசிப் பார்த்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது என்கிறோம். பேருந்து நிறுத்தத்துக்குப் போங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு அழையுங்கள். ஒரு முறை சாதாரண அழைப்பு, ஒரு முறை வாட்ஸ்அப் அழைப்பு. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். பிறகு மீவாட்ச் காணொளித் தளத்தில் ஒரு செய்தித் தொகுப்பைப் போட்டு, வாயசைப்பும் குரலும் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

ஒலி அறுந்து வருவதற்கு முக்கியக் காரணம் நம் உடம்புதான். இந்த இணைப்புகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடப்பவை. நீர் நிறைந்த உடம்பு அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கால்சட்டையின் பின்பையில் வலப்பக்கம் போன் இருந்தால் இடது காதில் முதலில் அறுபடும். மாலை நெரிசலில் ராஃபிள்ஸ் பிளேஸ் நடைமேடையில் சுற்றிலும் உடம்பு, சுற்றிலும் மற்றவர்களின் புளூடூத் கருவிகள். அங்கே இன்னும் மோசம். போனைச் சட்டைப்பைக்கோ, முன்பக்கமாகத் தொங்கும் பைக்கோ மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். பழைய புளூடூத் கருவிகள் சிலவற்றில் அழைப்பை ஏற்கும் பக்கம் ஒன்று உண்டு; அந்தக் காது இருக்கும் பக்கமே போனையும் வையுங்கள்.

பாட்டு சப்பையாக இருக்கிறது என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் காதுக்குள் போகும் ரப்பர் முனை. துளையுள்ள திறந்த முனை வழியாகத் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது, வலந்தலை மட்டும் கணீரென்று வரும். மூடிய முனை போட்டால் தொப்பி திரும்பி வரும். ஆனால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை, செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டுடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஸ்ட்ரீமிங்குக்கென்று, அதாவது போனிலிருந்து கருவிக்கு நேராக வரும் ஒலிக்கென்று, தனியாக ஒலிச் சமநிலையை மாற்றவும் அவரால் முடியும், கேட்டால்தான் செய்வார்கள்.

தொலைக்காட்சிக்கு, அதன் ஒலியைக் கருவிக்கு அனுப்பும் ‘டிவி பெட்டியை’ அந்தந்தக் காதுக்கருவி நிறுவனத்திடம் வாங்குவது காசுக்குத் தகும். சாதாரண புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால், திறந்த முனை போட்டவருக்கு டிவி ஸ்பீக்கர் சத்தமும் கருவிச் சத்தமும் அடுத்தடுத்து விழுந்து எதிரொலியாகக் கேட்கும். டிவி பெட்டியில் தாமதம் மிகக் குறைவு. அதை ஆப்டிகல் கம்பியால் இணைத்தபின் சத்தமே வராவிட்டால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். சில பெட்டிகளுக்கு டால்பி என்ற ஒலி வடிவம் புரியாது, பிசிஎம் புரியும். ஆப்டிகலை இயக்கியதும் சில டிவிகள் ஸ்பீக்கரை நிறுத்திவிடும், வீட்டில் மற்றவர்களுக்கு வசந்தம் ஒளிவழி ஊமையாகிவிடும். இரண்டும் சேர்ந்து வரும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்தோ, செட்டாப் பெட்டியிலிருந்தோ ஒலியை எடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப் மணி, விசைப்பலகை டிக் டிக் சத்தம் எல்லாமே ஸ்ட்ரீமிங்கைத் திறந்துவிடும். உடனே வெளி மைக் தணியும். சாலையைக் கடக்கும்போது இது ஆபத்து. விசைப்பலகை ஒலியை அணையுங்கள். அறிவிப்பு ஒலியைக் கருவிக்கு அனுப்பாமல் போனிலேயே ஒலிக்க விடுங்கள். கருவிக்கான செயலியில், ஸ்ட்ரீமிங்கின்போது வெளிச்சத்தம் எவ்வளவு வேண்டும் என்று வைக்கும் கட்டுப்பாட்டையும் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

போன் மென்பொருளைப் புதுப்பித்ததும் ஒரு காது மட்டும் காணாமல் போவது வாடிக்கை. செயலியை மட்டும் அழித்துப் போட்டால் தீராது. போனின் புளூடூத் பட்டியலில் இரண்டு கருவிகளையும் மறக்கச் செய்து, செயலியிலிருந்தும் நீக்கி, போனை அணைத்துப் போடுங்கள். பிறகு பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள். சார்ஜ் கருவியென்றால் பொத்தானால் அணைத்துப் போடுங்கள். இணைப்புக்குத் திறந்திருக்கும் நேரம் சில நிமிடங்களே, பல கருவிகளில் மூன்று. ஐபோன் வழியில் இயங்கும் கருவியைப் புளூடூத் பட்டியலில் தேட வேண்டாம். செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஹியரிங் டிவைசஸ் என்று போங்கள். வீட்டில் பழைய ஐபேட் விழித்திருந்தால் அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். முதலில் அதன் புளூடூத்தை அணையுங்கள்.

தெருச் சத்தம் கேட்கிறது, போன் மட்டும் வரவில்லை என்றால் பேட்டரி இறங்கியிருக்கலாம். மின்னழுத்தம் குறைந்தால் கருவி முதலில் கைவிடுவது ஸ்ட்ரீமிங்கைத்தான். 312 வகை துத்தநாக பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றுப்பட வையுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் இரவில் உலர்த்தும் டப்பா அவசியம். ஆனால் துத்தநாக பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் காய்ந்துவிடும். சார்ஜ் கருவியில் ஒரு பக்கம் மட்டும் காலையில் செத்துக் கிடந்தால், வியர்வை படிந்த உலோக முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள்.

கூட்ட இரைச்சலுக்குத் தனி மைக் வாங்கும் முன், ஐபோன் வழிக் கருவி வைத்திருப்பவர்கள் ‘லைவ் லிசன்’ வசதியைச் சோதிக்கலாம். போனை மேசையில் பேசுபவர் பக்கம் வைத்தால் அதுவே மைக்காகிவிடும், செலவில்லை. சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் அது போதாது; பேச்சாளர் நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மாட்டும் மைக் வேண்டும்.

செலவுக்கு மூத்தோருக்கான இயக்க, ஆதரவு நிதியும், உடற்குறையுள்ளோருக்கு எஸ்ஜி எனேபல் அமைப்பு வழங்கும் உதவித் தொழில்நுட்ப நிதியும் உண்டு. இரண்டாவதில் தகுதியைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும், வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. டிவி பெட்டியும் மைக்கும் அதில் சேருமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

அரங்குகளில் காதும் ‘டி’ எழுத்தும் போட்ட பலகை இருந்தால் அங்கே, அரங்கின் ஒலியைக் காந்த அலையாகக் கருவிக்கு அனுப்பும் தூண்டல் வளையம் இருக்கிறது என்று பொருள். அதை எடுக்கக் கருவிக்குள் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் வேண்டும். சிறிய சார்ஜ் மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. எல்இ ஆடியோவோடு வரும் ‘ஆராகாஸ்ட்’ ஒலிபரப்பு ஒருநாள் இந்த இடத்தைப் பிடிக்கலாம், ஆனால் பொருத்தப்பட்ட வளையங்கள் இன்றே வேலை செய்கின்றன. இரண்டும் உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள். டெலிகாயில் உள்ளே இருந்தாலும் அதற்கான நிரலை ஆடியாலஜிஸ்ட் திறந்துவிட வேண்டும். கருவியை வாங்கும் அன்றே அதைச் செய்யச் சொல்லுங்கள்.