‘கன்ஃபெஷன்’ செயலி: குருவிடம் போகும் வரைதான் துணை

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, தயாராக உதவுவது இது. 2011-ல் 1.99 டாலருக்கு வந்த இந்தக் கத்தோலிக்கச் செயலிக்கு அமெரிக்க ஆயர் கெவின் ரோட்ஸ் ஒப்புதல் தந்திருந்தார். வயது, பாலினம், வாழ்க்கை நிலையைப் பதிந்தால் பத்துக் கட்டளைகளின்படி ஆன்ம சோதனைக் கேள்விகள் (செய்த பாவங்களை நினைத்துப் பார்க்க உதவுபவை) வரும். குருவானவருக்கு ஒரு பட்டியல், மணமானவருக்கு வேறு. இதன் பலமே இதுதான். கடவுச்சொல் உண்டு; ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுத்தால் அது அவசியம்.

ஆனால் பாவமன்னிப்பு இதில் கிடைக்காது. அப்போதைய வத்திக்கான் பேச்சாளர் லொம்பார்தியே அதைத் தெளிவுபடுத்தினார். சாவான பாவத்தை (கனமான பாவத்தை) வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்லச் சொல்கிறது திருச்சபைச் சட்டம் 988. செயலியில் டிக் அடித்ததை மட்டும் படபடவென்று வாசித்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், பாவத்துக்கான மனவருத்தமும் நழுவும். அந்த வருத்தத்தைச் சொல்லும் மனத்துயர் செபம் மறப்பவர்களுக்குச் செயலியில் 7 வடிவங்கள் இருக்கின்றன. பட்டியலை முந்தின இரவே போட்டுவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு போட்டால் பாதி விட்டுப்போகும்.