தாடைக்கு நெஞ்சுச் சதையா, கால் எலும்பா?

அண்ணனுக்குக் கீழ் ஈறில் வந்த புற்று தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது, முகவாய் வரை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுப்பதில் பேச்சே இல்லை. எடுத்த இடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம்.

நெஞ்சுச் சதையை அதன் ரத்தக்குழாயோடு கழுத்து வழியாக மேலே திருப்பி வைப்பது பழகிய வழி. 1979-இல் அரியான் என்ற மருத்துவர் விவரித்தது. நேரமும் செலவும் குறைவு. ஆண்களுக்கு வாய்க்குள் நெஞ்சுமுடி வளரலாம், சிரிக்காதீர்கள், உண்மைதான்.

நாங்கள் போனது கால் எலும்புக்கு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி எலும்பு, ஃபிபுலா. அதை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்றபடி துண்டாக்கி, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்தார்கள். 11 மணி நேரம். அப்புறம் சதையின் நிறம் மாறுகிறதா என்று ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் பார்த்தார்கள், குழாய் அடைத்தால் உடனே திரும்பத் திறக்க வேண்டுமே.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், முகவாய்க்காகத்தான். தாடையின் பின்பக்கம் மட்டும் போயிருந்தால் நெஞ்சுச் சதையே போதும் என்று நானே சொல்லியிருப்பேன், முகம் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் எலும்பு இல்லையென்றால் கதை வேறு: முகவாய் உள்ளே போய்விடும், கீழுதடு தொங்கி எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும், நாக்குக்கும் முன்னால் பிடிமானம் இல்லாமல் பின்னால் சரியும். சோறும் பேச்சும் கெடும். எலும்புக்குப் பதில் வெறும் உலோக பிளேட் வைத்துச் சதையால் மூடினால், 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த பிறகு பிளேட் தோலைக் கிழித்து வெளியே தெரியும் ஆபத்து உண்டு.

அண்ணிக்குக் காலை நினைத்துத்தான் பயம். உடம்பின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்து எலும்பு. கணுக்காலுக்கு மேலே 6, 7 சென்டிமீட்டரை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். மூன்றாவது வாரம் அண்ணன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். ஆனால் சிலருக்குப் பாதத்துக்கான ரத்தமே அந்தக் குழாயை நம்பித்தான் இருக்கும், அதனால் முன்கூட்டியே கால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

"கால் எலும்பு ஒட்டாமல் தோற்றுப்போனால்?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டேன். "நெஞ்சு எங்கே போகிறது, அது கையில் இருக்கு சார்" என்றார் டாக்டர். வாக்குவாதம் அங்கேயே முடிந்தது.

புது எலும்பில் பல் பொருத்தலாம் என்கிறார்கள், எங்களுக்கு இன்னும் பொருத்தவில்லை, ஆகவே மெல்வதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. இப்போதைக்கு இட்லி, குழைந்த சோறு. வாய் இறுகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் நுழைக்கும் பயிற்சி எதை வைத்தாலும் உண்டு. அண்ணனுக்கு நேற்று 14 குச்சி நுழைந்தது.