வளர்ந்த நாய்க்கு வீட்டுப் பழக்கம்: கூடா, பேப்பரா, கயிறா?

எங்கள் ஜூலிக்கு நாலு வயது. வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுப் போன பெட்டை நாய். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே விறாந்தையில் இரண்டு தரம், குசினி வாசலில் ஒரு தரம், கடைசியாக மாமியின் சாமியறை வாசலில் ஒரு தரம் சலம் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "வெளியில கட்டிப் போடு பிள்ளை" என்றார் மாமி. கூடு அடிப்போம் என்றான் தம்பி. பேப்பர் விரித்துப் பார் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்து, கடைசியில் நாயை என் இடுப்போடு கயிற்றில் கட்டிக்கொள்கிற வழியில் போய் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் மிருக வைத்தியர். வளர்ந்த நாய் வீட்டுக்குள் போனால் அது பழக்கமாகவும் இருக்கலாம், வருத்தமாகவும் இருக்கலாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, இரத்தம் கலந்து வருவது என்றால் சலப்பையில் கிருமி, கல் ஏதும் இருக்கலாம். வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சீனி வருத்தமோ சிறுநீரகக் கோளாறோ என்று பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கவும் கூடும், அது அவசர விடயம். கருத்தடை செய்த பெட்டைகளில் சில, தூங்கும்போது தெரியாமலே ஒழுகவிடும். அதற்கு மருந்துதான், பயிற்சி இல்லை. நீங்கள் கிட்டப் போகும்போது மட்டும் பதுங்கி நனைக்கிற நாய் பயத்தில் நனைக்கிறது. கடுவன் நாய் கதிரைக் காலில் நாலு சொட்டு விடுவது வேறு கணக்கு. ஜூலிக்கு இதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாமியின் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். வெளியில் கட்டினால் வீடு சுத்தமாக இருக்கும், உண்மை. ஆனால் நாய் ஒன்றும் படிக்காது. உள்ளே விட்ட அன்றைக்கே பழைய கதை. இன்னும் சொன்னால், ஜூலியின் பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது. பழைய வீட்டில் அவளைப் பின்பக்கத்துச் சீமெந்துத் தரையில்தான் கட்டி வைத்திருந்தார்கள். நாய்க்குச் சலம் போகும் இடம் என்றால் காலுக்குக் கீழே இருக்கிற தரைதான். பழகிய தரையைத்தான் அது தேடும். உப்புவெளிக் கடற்கரையில் திரிந்த நாயை எடுத்தால் முற்றத்து மணலைக் கண்டதும் காரியம் முடியும். ஜூலியோ எங்கள் மணல் முற்றத்தில் அரைமணி நேரம் அடக்கிக்கொண்டு சுற்றிவிட்டு, உள்ளே வந்து விறாந்தைச் சீமெந்தில் போவாள். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம்.

மூக்கைப் பிடித்துத் தேய்த்து அடிப்பதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்வார்கள். அதில் நாய் படிப்பது ஒன்றே ஒன்று: மனிசர் பார்க்கும்போது போகக்கூடாது. பிறகு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்றாலும் போகாது. இதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

சரி, கூடு. படுக்கிற இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது என்பதுதான் கூட்டின் அடிப்படை. எழும்பி நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். இரவுக்கு இது நல்ல வழி. சுகமான வளர்ந்த நாய் இரவில் ஆறு ஏழு மணித்தியாலம் அடக்கும். பகலில் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் பூட்டி வைப்பது பாவம். அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, கூடு அடுப்பாகிவிடும். இன்னொன்று, நெடுநாள் அடைபட்டுக் கிடந்த நாய்க்குப் படுக்கையைக் காக்கிற அந்தக் குணமே மழுங்கியிருக்கும். தம்பி ஒட்டுவேலைக் கடையில் அழகாகக் கம்பிக்கூடு செய்வித்து வந்தான். கதவைத் திறந்து வைத்து நாலைந்து நாள் உள்ளே சாப்பாடு வைத்துப் பழக்காமல், வந்த அன்றே பூட்டினோம். ஜூலி வாயில் நுரை தள்ளக் கம்பியைக் கடித்தாள். பிழை எங்களுடையது. இப்போது அதில் தேங்காய் கிடக்கிறது.

பேப்பரை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், படியிறங்க முடியாத வயதானவர்கள், நடக்கக் கஷ்டப்படும் கிழட்டு நாய்கள், இவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் முற்றம் இருக்கிற வீட்டில் பேப்பர் விரித்தால் "வீட்டுக்குள்ளேயும் போகலாம்" என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிறது. பிறகு அதை மாற்ற இன்னொரு பயிற்சி. அதோடு, ஐயா வாசித்துவிட்டுக் கீழே போட்ட பேப்பருக்கும் நீங்கள் விரித்த பேப்பருக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டில் ஞாயிறுப் பதிப்பு அப்படித்தான் போனது.

கூடும் கயிறும் செய்வது ஒரே வேலை: கண்காணிப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாமல் இருப்பது. கூட்டில் கம்பி காவல் இருக்கிறது, கயிற்றில் நாம் இருக்க வேண்டும். ஆறடிக் கயிற்றின் ஒரு முனை ஜூலியின் கழுத்துப்பட்டியில், மறுமுனை என் இடுப்பில். தேங்காய் துருவும்போதும் அவள் கூட. தரையை மணந்து வட்டம் போடத் தொடங்கினால் உடனே வெளியே. அது தவிர, எழும்பியதும், சாப்பிட்டு இருபது நிமிடத்தில், மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு, பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று குறித்த நேரங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குசினிக் கதவைத் திறந்து நாயை முற்றத்தில் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது அணிலைத் துரத்திவிட்டு, வந்த வேலையை மறந்து உள்ளே வரும். கூடவே போக வேண்டும். ஒரே இடத்தில் பத்து நிமிடம் மரம்போல நிற்க வேண்டும். போய் முடித்த அந்தக் கணத்திலேயே, அங்கேயே, ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். முடித்த உடனே வீட்டுக்கு இழுத்து வரவும் கூடாது. போனால் உலாத்தல் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட நாய் அடக்கத் தொடங்கும். முதலில் காரியம், பிறகு உலாத்தல். போகவில்லையா, கயிற்றோடு உள்ளே கொண்டுவந்து கால்மணி நேரத்தில் திரும்பவும். கோட்டைப் பக்கம் கூட்டிப் போய்ப் பழக்க நினைத்தேன். அங்கே திரிகிற மான்களைக் கண்டதும் அவளுக்குச் சலமும் இல்லை, நானும் இல்லை.

தரைப் பிரச்சினைக்கு, முருங்கையடியில் இரண்டு சீமெந்துக் கல்லைப் போட்டு, விறாந்தையில் துடைத்த துணியை அதன்மேல் வைத்தேன். மூன்றாம் நாள் போனாள். பிறகு நாளுக்கு ஒரு பிடி மணலாகக் கல்லை மூடிக்கொண்டு வந்தேன். மூன்றாம் கிழமையில் வீட்டுக்குள் ஒரு தரம்தான் தவறியது. அதற்குப் பிறகும் ஒரு மாதம் கயிற்றைக் கழற்றவில்லை.

கயிற்றின் குறை, பகலில் வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் மறித்து, அகலமான தட்டில் மணல் நிரப்பி வைத்துவிட்டு, ஆள் இருக்கிற நேரத்தில் கயிற்றைப் பிடிப்பது நல்லது. பேப்பரைவிட மணல்தட்டு எவ்வளவோ மேல், ஏனென்றால் நாளைக்கு முற்றத்திலும் இருக்கப் போவது அதே மணல்.

துடைப்பதில் மாமிக்கும் எனக்கும் இன்னும் இணக்கம் இல்லை. பினாயில் நம் மூக்குக்குத்தான் மறைக்கும். நாயின் மூக்கு பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிடும். நொதியம் கலந்த திரவம் கிடைத்தால் அதுதான் முதல்தரம். இல்லாவிட்டால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, தண்ணீர் கலந்த வினாகிரி, காய்ந்தபின் அப்பச்சோடா. பூச்சில்லாத சீமெந்து உறிஞ்சும், இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரைச் சலத்தின்மேல் கொட்டாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கையுறையும் போடுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சலத்திலும் வரலாம்.

இப்போது மார்கழி. ஐப்பசியில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. ஜூலிக்கு மழை என்றால் ஆகாது, படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். கொட்டுகிற நாளில் விறாந்தை மூலையில் மணல்தட்டு, விட்ட நாளில் முருங்கையடி. சாமியறை வாசலில் மாமி குறுக்கே வைத்த பலகை மட்டும் அப்படியே இருக்கிறது.